கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்: சிரிக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை

வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த ஃபார்வர்டு வந்துரும். "இந்தியர்கள் எழுதும் ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய 20 சொற்றொடர்கள்." முன்னாடி மெயில்ல வந்துச்சு, இப்ப வாட்ஸப்லயும் லிங்க்டுஇன்லயும் வருது. பட்டியல் மட்டும் மாறவே மாறாது. டூ தி நீட்ஃபுல், ப்ரீபோன், அவுட் ஆஃப் ஸ்டேஷன், பாஸ்டு அவுட், கசின் பிரதர், ஐ ஹாவ் எ டவுட், ப்ளீஸ் ரிவர்ட். கீழ விழுந்து விழுந்து சிரிக்கிற ஸ்மைலி நாலு. அனுப்புனது யாருன்னு பார்த்தா, வடசேரி பஸ் ஸ்டாண்டுல நம்ம கூட ஃபுட்போர்டுல தொங்கிட்டுப் படிக்கப் போன ஆளாத்தான் இருக்கும்.

இந்தச் சிரிப்பு மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற வாரம், அதனால எழுதித் தீர்த்துடலாம்னு உக்காந்துட்டேன். நான் சொல்ல வர்றது மூணு. பட்டியல்ல பாதி தப்பே கிடையாது. நிஜமா நம்ம காலை வாரி விடுற சொற்களை அந்தப் பட்டியல் கண்டுக்கிறதே இல்ல. மூணாவது, இந்தச் சிரிப்புக்கு விலை இருக்கு, அதை வேற யாரோ கட்டுறாங்க.

முதல்ல பட்டியலை எடுத்துப்போம்.

டூ தி நீட்ஃபுல். நம்ம ஆளு யாரோ மொழிபெயர்த்து உருவாக்குன மாதிரி கேலி பண்றாங்க. அது சுத்தமான பிரிட்டிஷ் சரக்கு. 18, 19-ஆம் நூற்றாண்டு வியாபாரக் கடிதங்கள்ல வெள்ளைக்காரங்களே சாதாரணமா எழுதுனது. கச்சேரி ஃபைல் வழியா இங்க வந்து இறங்கிச்சு. அவங்க ஊர்ல வழக்கொழிஞ்சு போச்சு, நம்ம ஊர்ல நின்னுடுச்சு. தாத்தா வாங்கி வச்ச மர பீரோவை நாம இன்னும் வச்சிருக்கோம். அது பழைய மாடல்னு வேணா சொல்லுங்க, திருட்டு மாடல்னு சொல்லாதீங்க.

ப்ரீபோன். போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதம். இந்தியா கண்டுபிடிச்ச வார்த்தைன்னு நாமளே பெருமையாவும் கேலியாவும் சொல்லிக்கிறோம். ஆனா முன்னுக்குத் தள்ளுறதுங்கற அர்த்தத்துல இது 1913-லயே நியூயார்க் டைம்ஸ்ல அச்சாகியிருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயும் இருக்கு. "மூவ் அப்"னு எழுதினா சிலருக்கு முன்னாடியா பின்னாடியான்னு குழப்பம் வரும், ப்ரீபோன்ல அந்தக் குழப்பமே இல்ல.

அவுட் ஆஃப் ஸ்டேஷன். பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கி வேலை பார்த்த ஊருக்கு ஸ்டேஷன்னு பேரு. ஹில் ஸ்டேஷன்ல இருக்கிற ஸ்டேஷன் அதுதான். அந்த ஊரை விட்டு வெளிய போனா அவுட் ஆஃப் ஸ்டேஷன். பாஸ்டு அவுட்டும் அதே மாதிரி. ராணுவப் பயிற்சி முடிச்சு வெளிய வர்றதுக்கு பாஸிங் அவுட் பரேடுன்னு இன்னைக்கும் அவங்களே சொல்றாங்க. நாம காலேஜுக்கு அதை எடுத்துக்கிட்டோம். அமெரிக்காக்காரன் காதுல மட்டும் மயங்கி விழுந்ததா கேக்குது. அது அவன் ஊர்ப் பிரச்சினை.

கசின் பிரதர் மேலதான் எனக்குப் பாசம் ஜாஸ்தி. ஆங்கிலத்துல கசின்னா பெரியப்பா மகனும் கசின், அத்தை மகனும் கசின். ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது. நம்ம வீட்டுல ஒருத்தன் கூடப்பிறந்தவன் கணக்கு, இன்னொருத்தன் கல்யாணம் பண்ணிக்கிற முறை. அந்த ரெண்டையும் ஒரே வார்த்தைல போட்டுக் குழப்புன மொழியைப் பார்த்து நாமல்லவா சிரிக்கணும்? கோ-பிரதர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, சகலைக்கு. ஆங்கிலத்துல அதுக்கு ஈடா ஒரு வார்த்தை சொல்லுங்க பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்னதுக்கு, "அப்ப எல்லாமே சரியா? இஷ்டத்துக்கு எழுதலாமா?"ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் வருவாரு. இல்ல சாமி. அங்கதான் இருக்கு மேட்டரே.

பேச்சுவழக்குச் சொல்லை எழுத்துல போடும்போது அகராதியில இருக்கா, இலக்கணம் சரியாங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, படிக்கிறவன் இதை என்னன்னு எடுத்துப்பான், எடுத்துக்கிட்டு என்ன பண்ணுவான்?

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல்னு நினைக்காதீங்க. இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களே இதுல முட்டிக்கிட்டிருக்காங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் கூட்டத்துல "டேபிள்" பண்றதுங்கற ஒரே வார்த்தைக்கு நீண்ட சண்டை நடந்ததா சர்ச்சில் தன்னோட போர் நினைவுகள்ல எழுதியிருக்காரு. பிரிட்டிஷ்காரங்களுக்கு டேபிள் பண்றதுன்னா உடனே விவாதத்துக்கு எடுக்கிறது. அமெரிக்கர்களுக்கு ஒத்தி வைக்கிறது. ரெண்டு தரப்புக்கும் அதை உடனே பேசணும்னுதான் ஆசை, ஒரே வார்த்தையால ரெண்டு தரப்பும் மோதிக்கிச்சு. அவங்களைப் பார்த்து யாரும் 20 சொற்றொடர் பட்டியல் போடல.

இந்தக் கேள்வியை வச்சுப் பார்த்தா, நிஜமான ஆபத்து வேற இடத்துல இருக்குன்னு தெரியும்.

ரிவர்ட்டை எடுத்துக்குங்க. பதில் போடுங்கற அர்த்தத்துல நாம எழுதறோம். இந்தியா முழுக்க யாருக்கும் இதுல குழப்பமில்ல. ஆனா பொட்டி தட்டுற நம்ம தொழில்ல, கிட்ல ரிவர்ட்னா போட்ட மாற்றத்தைத் திருப்பி எடுக்கிற கட்டளை. ராத்திரி ரிலீஸ் முடிச்சு, கடல் தாண்டி இருக்கிற டெவலப்பருக்கு "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி லாஸ்ட் கமிட்"னு ஒரு மெயில் போட்டுட்டுத் தூங்கிப் பாருங்க. காலைல வந்தா கோடு இருக்காது. ரிவர்ட் பண்ணுன்னு சொன்னீங்க, பண்ணிட்டான்.

வித் டியூ ரெஸ்பெக்ட். நம்ம ஆளு நிஜமாவே மரியாதையா ஆரம்பிக்கிறான். படிக்கிற வெள்ளைக்காரன், அடுத்த வரில தன்னை முட்டாள்னு சொல்லப் போறாங்கன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படிக்கிறான். ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயிலும் அதே ரகம். நமக்கு அது சும்மா ஒரு இணைப்புச் சொல். அவங்களுக்கு "ஏற்கனவே சொன்னேனே, கண்ணு தெரியலையா"ன்னு கேக்குற மாதிரி.

கைண்ட்லி. இது பாவம், எந்தத் தப்பும் பண்ணாத வார்த்தை. ஆனா மோசடி மெயில் அனுப்புறவனுங்க இதை அள்ளி வீசுனதுல, கைண்ட்லின்னு ஆரம்பிச்சாலே சந்தேகப்படுற ஆட்கள் அமெரிக்காவுல இருக்காங்க. ப்ளீஸ் போட்டாப் போதும்.

எதிர்ப்பக்கமும் கூத்து இருக்கு. நீட்ஃபுல்லைப் பார்த்துச் சிரிக்கிற கோஷ்டி, படம் பார்த்து கத்துக்கிட்ட அமெரிக்கப் பேச்சை மெயில்ல இறக்கும். புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழிச்சிட்டு "மை பேட்"னு ஒரு வரி. மை பேட்ங்கறது பஸ்ஸுல தெரியாம காலை மிதிச்சிட்டா சொல்றது. கஸ்டமரோட ஒரு நாள் வியாபாரத்தை முழுங்கிட்டு அதைச் சொன்னா, "மன்னிச்சுக்கோ மச்சி"ன்னு கலெக்டருக்கு மனு போட்ட மாதிரி. இதுல ஒரு இலக்கணப் பிழையும் இல்ல. அதனால எந்தப் பட்டியல்லயும் வராது. நீட்ஃபுல்லை விட பத்து மடங்கு மோசம்னு நான் சொல்றேன்.

அப்புறம் நீட்ஃபுல்லுக்கும் ஒரு கொட்டு வைக்கணும், விடமாட்டேன். அதோட குத்தம் பழசா இருக்கிறது இல்ல. "சர்வர் டவுன். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்"னு அஞ்சு பேருக்கு மெயில் போகுது. எது நீட்ஃபுல்? யாரு பண்ணணும்? எப்ப? ஒண்ணும் இல்ல. அஞ்சு பேரும் மத்த நாலு பேரு பார்த்துப்பாங்கன்னு டீ குடிக்கப் போயிடுவாங்க. "இன்னிக்கு சாயந்திரம் 5 மணிக்குள்ள நீங்க சர்வரை ரீஸ்டார்ட் பண்ணணும்"னு ஒடஞ்ச இங்கிலீஷ்ல எழுதினாலும் வேலை நடக்கும்.

சரி, இந்த நுணுக்கமெல்லாம் நம்மால முடியாததா? இங்கதான் எங்க ஊரை இழுக்கணும்.

நாஞ்சில்நாட்டுல "வே"ன்னு கூப்பிடறதுக்கும் "லே"ன்னு கூப்பிடறதுக்கும் நடுவுல பழையாறே ஓடுது. "என்னவே"ன்னா சமமான ஆள்கிட்ட உரிமையும் கொஞ்சம் மரியாதையும். "என்னலே"ன்னா ரொம்ப நெருங்குன கூட்டாளி, இல்லேன்னா சண்டை. "மக்கா"ன்னா வாஞ்சை. கடைக்காரரு அண்ணாச்சி. கோட்டார் சந்தையில அப்பாவோட நிக்கிற பத்து வயசுப் பயலுக்கு இது அத்தனையும் தெரியும், யாரும் பாடம் எடுக்கல. இடம் மாறிக் கூப்பிட்டா செவுளு பழுத்துரும், அதுதான் பாடம். அதே பய பத்தாம் கிளாஸ் வந்து தாசில்தாருக்கு மனு எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா"ன்னுதான் ஆரம்பிக்கிறான். "மக்கா தாசில்தாரே"ன்னு எழுத மாட்டான். யாருக்கு எந்த வார்த்தைங்கற புத்தி நமக்குப் பிறந்ததுலேர்ந்தே இருக்கு.

இந்தப் பேச்சை அப்படியே எழுத்துல வச்சு ஜெயிச்ச மண்ணும் இது. நீல. பத்மநாபன் 1968-ல தலைமுறைகள் எழுதினப்ப, தோப்பில் முகமது மீரான் கடலோரத்துப் பேச்சை நாவல்ல இறக்குனப்ப, வடக்க இருக்கிறவங்களுக்குப் பல சொல் புரியல. புரியலைங்கறதுக்காக அவங்க மாத்தி எழுதல. எந்த இடத்துல யாரு வாயில எந்தச் சொல் வரணும்னு தெரிஞ்சு எழுதினாங்க. மீரானுக்கு 1997-லயும் நாஞ்சில்நாடனுக்கு 2010-லயும் சாகித்ய அகாதமி விருது வந்துச்சு. பேச்சுவழக்கை எழுத்துல சரியா போடறதுன்னா அதான்.

அப்ப இங்கிலீஷ்ல மட்டும் அந்தப் புத்தி எங்க போகுது?

போகல. யாரும் அதைக் கேக்கவே இல்ல. எங்க மாவட்டத்துக்கு இங்கிலீஷ் ஒண்ணும் நேத்து வந்ததில்ல. ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தது 1806. நாகர்கோவில்ல ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது 1893. 2011 மக்கள்தொகைக் கணக்குல எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதல் இடம். இவ்வளவும் இருந்தும் பள்ளிக்கூடத்துல நமக்கு ஒழுங்கா சொல்லிக்குடுத்த இங்கிலீஷ் கடிதம் ஒண்ணே ஒண்ணுதான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்." கீழ, "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி."

யோசிச்சுப் பாருங்க, அது என்ன இங்கிலீஷ்? மனு இங்கிலீஷ். கீழ நிக்கிறவன் மேல இருக்கிறவன்கிட்ட கெஞ்சுறது. திருவிதாங்கூர் காலத்துக் குமாஸ்தா எழுதினது 1956-ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த பின்னாடியும் மாறல. இன்ஜினியரிங்ல டெக்னிக்கல் இங்கிலீஷ்னு ஒரு பேப்பர் வச்சாங்க. எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுது, எட்டு ரெக்கமண்டேஷன் எழுது, மார்க் வாங்கிக்கோ. சம நிலையில இருக்கிற ஒரு மனுஷனுக்கு, "நீ சொன்னது தப்புன்னு நினைக்கிறேன், காரணம் இது"ன்னு நட்பா ரெண்டு வரி எழுதுறது எப்படின்னு ஒரு வாத்தியாரும் சொல்லித் தரல. மனு எழுத மட்டும் கத்துக்கிட்டவன் நீட்ஃபுல்னு எழுதாம வேற என்ன எழுதுவான்?

சாட்ல வர்ற ஹாய் விவகாரமும் இதுல சேர்த்தி. "ஹாய்." ரெண்டு நிமிஷம் கழிச்சு "குட் மார்னிங்." அப்புறம் "ஹவ் ஆர் யூ?" விஷயம் வர்றதுக்குள்ள எதிராளிக்கு ரத்தக் கொதிப்பு. ஹலோ மட்டும் சொல்லாதீங்கன்னு இதுக்காகவே தனியா வெப்சைட் நடத்தறாங்க. நம்ம ஆளு ஏன் அப்படிப் பண்றான்? ஒரு வீட்டுக்குப் போனா "சொகமா இருக்கியளா, சாப்பிட்டாச்சா"ன்னு கேக்காம விஷயத்தை எடுத்தா அது நம்ம ஊர்ல மரியாதைக் கேடு. அவன் மரியாதை காட்டுறான். "ஹாய், குட் மார்னிங்"னு போட்டு அதே வரில விஷயத்தையும் சேர்த்துடு தம்பி, அவங்க பாதி வேலைல இருப்பாங்கன்னு ஒரு தடவை சொன்னாப் போதும், முடிஞ்சது. அதைச் சொல்றதுக்கு ஆளில்ல, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்புல போட ஆள் இருக்கு.

இப்ப விலைக்கு வர்றேன்.

எங்க ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருத்தன். தமிழ் மீடியம், கோடு எழுதினா கண்ல ஒத்திக்கலாம். சேர்ந்த புதுசுல கஸ்டமருக்கு ஒரு மெயில். "ஐ ஆம் ஹாவிங் ஒன் டவுட் இன் தி பேமென்ட் ரீட்ரை லாஜிக்." அவன் மனசுல இருந்தது, "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு", அவ்வளவுதான். தமிழ்ல சந்தேகம்ங்கறது வாத்தியார்கிட்ட கை தூக்கிக் கேக்குறது. இங்கிலீஷ்ல டவுட்னா நம்பிக்கை இல்லைங்கறது. எதிர்ப்பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சூடா பதில் வந்துச்சு. டீம்ல ஒருத்தரு அந்த மெயிலை எடுத்து சிரிப்பு ஸ்மைலியோட குரூப்புல போட்டாரு. "இவன் டவுட் ஹாவிங்ல இருக்கான்"னு ஒரு வாரம் ஓடுச்சு.

அதுக்கப்புறம் அவன் மெயில் போடறதை நிறுத்திட்டான். கால்ல மியூட்.

ரெண்டு மாசம் கழிச்சு, ரிலீஸுக்கு முந்தின நாள், அந்த ரீட்ரை ஒரு சூழ்நிலைல ஒரே பணத்தை ரெண்டு தடவை எடுக்கும்னு அவன் கண்ல பட்டுச்சு. பக்கத்து சீட்காரன்கிட்ட தமிழ்ல சொன்னான். அவன் அதைப் பெருசா எடுத்துக்கல. மெயில்ல எழுதவா வேண்டாமான்னு அரை மணி நேரம் டைப் அடிச்சு அடிச்சு அழிச்சிருக்கான். கடைசில எழுதல. ரிலீஸ் போச்சு. ரெண்டு தடவை பணம் போச்சு. ரெண்டு ராத்திரி எல்லாரும் தூங்கல. பின்னாடி எழுதுன ரூட் காஸ் டாக்குமென்ட்ல காரணம்னு போட்டது ரெண்டே வார்த்தை: கம்யூனிகேஷன் கேப்.

அந்த கேப்பை உண்டாக்குனது யாரு? டவுட்னு எழுதுனவனா, சிரிச்சவங்களா?

"டவுட்னா அங்க வேற அர்த்தம்பா, கொஸ்டின்னு போட்டுக்கோ"ன்னு தனியா கூப்பிட்டுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து செகண்டு. அதைச் செய்யாம ஒரு வாரம் சிரிச்சாங்க. நாலு பேரு பொழுதுபோக்குக்கு ஒரு பையன் வாயை அடைச்சோம். இன்டர்வியூல இதே காரணத்தைச் சொல்லி எத்தனை பேரை "கம்யூனிகேஷன் வீக்"னு திருப்பி அனுப்பறோம்னு மனசைத் தொட்டு யோசிங்க. நம்மள்ல பலபேரு இப்ப அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்.

"இப்பதான் ஏஐ வந்துருச்சே, அதுவே நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துடும், இந்தப் பிரச்சினை தீர்ந்தது"ன்னு ஒரு கட்சி கிளம்பியிருக்கு. பிழை போயிடும், ஒத்துக்கறேன். எல்லா மெயிலும் ஒரே மாதிரி "ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்"னு ஆரம்பிக்கும். மெஷினுக்கு நீ சொன்னதுதான் தெரியும். அந்தக் கஸ்டமர் போன வாரம் கோவப்பட்டது, இந்த வாரம் இறங்கி வந்திருக்கிறது எல்லாம் உனக்குத்தான் தெரியும். அதை நீ சொன்னாத்தான் அதுக்கும் புரியும். அதுவுமில்லாம, கால்ல பேசும்போது பயம் போகணும்ல? எழுதறதுக்கு ஊன்றுகோல் குடுக்கலாம், சிரிச்சதை யாரு திருப்பி எடுக்கிறது? அதைத்தான் ரிவர்ட் பண்ணணும் :-)

சிங்கப்பூர்ல 2000-ல நல்ல ஆங்கிலம் பேசுங்கன்னு அரசாங்கமே இயக்கம் ஆரம்பிச்சுது, சிங்கிலீஷ் மேல கடுப்புல. சிங்கிலீஷ் சாகல. 2016-ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சிங்கப்பூர்ச் சொற்கள் பலதை உள்ள சேர்த்துக்கிச்சு, நம்ம ஐயோவும் அந்த வருஷம் ஏறிடுச்சு. அடுத்த வருஷம் அண்ணாவும் போயாச்சு. நம்ம இங்கிலீஷுக்கு அவங்க அகராதியில இடம் குடுக்கிறாங்க, நம்ம ஆபீஸ் குரூப்புல குடுக்க மாட்டேங்கறோம்.

முடிவா, சிரிக்கிற அண்ணாச்சிமார்களுக்கு: பட்டியல் அனுப்பறதை நிறுத்துங்க. புதுசா வர்ற பசங்களுக்கு நிஜமாவே உதவணும்னா ரிவர்ட், டவுட், வித் டியூ ரெஸ்பெக்ட், ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில், மை பேட், இந்த அஞ்சை மட்டும் தனியா உக்கார வச்சு, அங்க படிக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்னு சொல்லுங்க. ப்ரீபோனையும் கசின் பிரதரையும் விட்டுடுங்க, அது யாரையும் கடிக்கல.

பாடத்திட்டம் போடுறவங்களுக்கு: லீவ் லெட்டரோட நிறுத்தாதீங்க. ஒரே விஷயத்தை நண்பனுக்கு, மேலாளருக்கு, முன்பின் பார்க்காத வெளிநாட்டுக்காரருக்குன்னு மூணு விதமா எழுத வைங்க. எட்டு ரெக்கமண்டேஷனை விட அது சோறு போடும்.

புதுசா வேலைக்குப் போயிருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு: யாரு, என்ன, எப்ப. இந்த மூணும் இருந்தா உன் மெயில் நல்ல மெயில். கிராமர் ஆடிச்சுன்னா ஆடிட்டுப் போகட்டும். "வே"க்கும் "லே"க்கும் வித்தியாசம் தெரிஞ்ச உனக்கு, அவன் ஊர் வே எது, லே எதுன்னு ஆறு மாசத்துல பிடிபட்டுரும். அதுவரைக்கும் பக் கண்ல பட்டா, ஒடஞ்ச இங்கிலீஷ்லயாவது எழுதிப் போட்டுடு. சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். கஸ்டமர் பணம் ரெண்டு தடவை போகாது.

டிஸ்கி: இந்தப் பதிவுல எழுத்துப்பிழை, சந்திப்பிழை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்புல போட்டுக் கும்மி அடிச்சா, மேல இருக்கிறதை மறுபடி ஒருக்கா படிக்கவும். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்!